நாலு மணிக்கு அலாரம் வை, தங்கச்சி

இன்றைக்கு ராத்திரி எனக்காக ஒரு வேலை செய். விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திரு. பிள்ளை தூங்கும் அறையில் விளக்கைப் போடு. ஃபேன் சத்தம் பெரிதாக இருந்தால் ஐந்து நிமிஷம் நிறுத்திவை. போர்வையை விலக்கி, சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார். மூச்சு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று மட்டும் பார்.

நாலு மணி எதற்கு என்றால், கனவு காணும் தூக்கம் ராத்திரியின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் உடம்புத் தசைகள் அடியோடு தளர்ந்துபோகும். தொண்டை அடைத்துக்கொள்கிற பிள்ளைக்கு அப்போதுதான் மோசமாக அடைக்கும். நாமோ ஒன்பது மணிக்குப் படுக்க வைத்து, ஒன்பதே காலுக்கு எட்டிப்பார்த்து, "நல்லாத் தூங்குறான்" என்று போய்ப் படுத்துவிடுகிறோம். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் படுத்தேன்.

என் மகனுக்கு இப்போது 14 வயது. செரிப்ரல் பால்சி, கூடவே வலிப்பு. தெரபிக்குப் போகிற இடத்தில் பத்து வருஷப் பழக்கத்தில் எல்லா அம்மாக்களுக்கும் நான் அக்கா ஆகிவிட்டேன். அந்த உரிமையில்தான் உன்னையும் தங்கச்சியாக நினைத்து 'நீ' என்று எழுதுகிறேன்.

அவனுக்கு ஐந்து வயது நடக்கும்போது ராத்திரி முழுக்கப் புரளுவான். மார்கழிக் குளிரிலும் தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்கும். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்குவான். காலையில் எழுந்ததும் அழுகை. வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த ஃபிட்ஸ் நாலு, ஐந்து என்று ஏறியது. கழுத்து வளைவதற்கு உடம்பு இறுக்கம் என்று காரணம் சொன்னோம். வியர்வைக்கு உடம்புச் சூடு. அழுகைக்குப் பிடிவாதம். ஃபிட்ஸுக்கு மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினோம். எதற்கும் காரணம் கிடைக்காவிட்டால் பெரியவர்கள் ஒரு வரி வைத்திருந்தார்கள்: "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான்."

ஒரு நாள் தெரபி முடிந்து பாயிலேயே தூங்கிப்போனான். ஃபிசியோ பெண் குனிந்து பார்த்து, "அக்கா, காத்தே வரலையே" என்றாள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு உப்பியது, இரண்டும் மாற்றி மாற்றி, ஏற்றப்பலகை மாதிரி. அவள் புறங்கையை அவன் மூக்கருகே வைத்து எண்ணினாள். ஒன்பது வரை எண்ணினாள். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட்டு, பெரிதாக ஒரு இழுப்பு. அப்புறம் மறுபடி தூக்கம். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கத்தை அளக்கிற 'ஸ்லீப் ஸ்டடி' என்ற பரிசோதனை செய்ததில், மணிக்கு 17 முறை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது.

தூக்கத்தில் மூச்சு நிற்பது தனியான பிரச்சினை. பிள்ளையின் மூளை, நரம்புக் கோளாறை மாற்ற முடியாவிட்டாலும் இதற்கு வைத்தியம் உண்டு. இது ஒன்று உன் மனதில் நின்றால் போதும். மற்றதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

நம் பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

மெல்லிய ஸ்ட்ரா போட்டு இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ராவின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? தொண்டையும் அப்படி ஒரு மெல்லிய குழாய்தான். விழித்திருக்கும்போது சுற்றியுள்ள தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கும். தூங்கினால் பிடி தளரும். சாதாரணப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் வீங்கிப் பாதையை அடைப்பதால் வருவது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ இது இருக்கிறது. முகத்தின் நடுப்பகுதி சிறியது, அந்தச் சின்ன வாய்க்கு நாக்கு பெரியது, தசையில் முறுக்கு குறைவு. இதில் தைராய்டு குறைவும் எடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 வயதிலிருந்து 4 வயதுக்குள் ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்கிறது. குறட்டை விட்டாலும் விடாவிட்டாலும். அம்மா அப்பா "நல்லாத் தூங்குறா" என்று சொல்லும் பிள்ளைகளிடமும் டெஸ்டில் இது தெரியவருகிறது என்பதுதான் காரணம். உன் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்றால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது டாக்டரிடம் போய்ச் சொல்லிக் கேள்.

செரிப்ரல் பால்சியில் காரணங்கள் கூட்டாக வரும். தொண்டைத் தசைகள் சொன்னபடி கேட்காது. எச்சில் விழுங்க முடியாமல் பின்னால் தேங்கும். வயிற்றிலிருப்பது மேலே எதுக்களித்து வரும். முதுகெலும்பு வளைந்திருந்தால் நுரையீரல் விரிய இடம் போதாது. மூச்சு முட்டினால் நாம் தானாகப் புரண்டு படுப்போம். என் மகனால் அது முடியாது.

டுஷேன் தசைச் சிதைவு, எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களில் கதை வேறு. இங்கே தொண்டை அடைப்பதைவிட, மூச்சை இழுக்கிற தசைக்கே வலு இல்லாமல் போவது முக்கியம். ராத்திரியில் மூச்சு மேலோட்டமாகி, உள்ளே கரியமில வாயு சேரும். இந்தப் பிள்ளைகளிடம் குறட்டைச் சத்தமே இல்லாமல் இருக்கலாம். குறட்டை விடவும் பலம் வேண்டுமே. காலையில் எழுந்ததும் தலைவலி, குமட்டல், காலைச் சாப்பாடு இறங்காதது, வகுப்பில் தூங்கி விழுவது என்று வேறு வழியில்தான் தெரியும். டுஷேனில், நடக்க முடிந்தவரை பெரும்பாலும் இது தலைகாட்டாது. ஆனாலும் சக்கர நாற்காலிக்கு வரும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொல்கிற இடைவெளியில் நுரையீரல் பரிசோதனையும், அவர் சொன்னால் ஸ்லீப் ஸ்டடியும் விடாமல் செய்.

முதுகுத்தண்டு பிளவோடு பிறந்து, சியாரி என்கிற மூளைப் பின்பக்கக் கோளாறும் உள்ள பிள்ளைகளுக்கு மூளையே "மூச்சு விடு" என்று சொல்ல மறந்துவிடுவது உண்டு. அப்போது நெஞ்சும் அசையாது, வயிறும் அசையாது. மூளையில் சேரும் நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் என்ற குழாய் வைத்த பிள்ளைக்குப் புதிதாக இப்படி மூச்சு நிற்க ஆரம்பித்தால் காலை வரை காத்திருக்காதே. ஷன்ட் அடைத்திருக்கலாம். அன்றைக்கே, அப்போதே மருத்துவமனைக்குப் போ.

எதைப் பார்ப்பது, எப்படிப் படம் பிடிப்பது

குறட்டை என்றால் லேசான கரகரப்பு முதல் பக்கத்து அறைக்குக் கேட்கிற சத்தம் வரை எல்லாம் சேர்த்தி. சளி பிடித்த வாரத்தில் வருவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ வந்தால் கவனி. சத்தத்தைவிட நடுவில் வரும் அமைதிக்குக் காது கொடு. குறட்டை சட்டென்று நிற்கும், நீ நிம்மதி என்று நினைப்பாய், அப்புறம் ஒரு பெரிய இழுப்பு கேட்கும். நிம்மதியாகத் தெரிந்த அந்த இடைவெளியில்தான் அடைப்பு.

தூங்கும் கோலத்தையும் பார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்படியே முன்னால் மடிந்து, முகத்தை மெத்தையில் பதித்துத் தூங்குவார்கள். வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்து ஆசையாகப் போட்டோ எடுப்பார்கள். நாக்கு முன்னால் விழுந்து மூச்சுப்பாதை திறக்கிறது என்று அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்த வழி அது. கழுத்தை விறைப்பாகப் பின்னால் தள்ளித் தூங்குவதும் அதே காரணத்துக்காக இருக்கலாம்.

பகலில் இது தூக்கக் கலக்கமாக வர வேண்டும் என்றில்லை. பெரியவர்கள் தூங்கி விழுவார்கள். பிள்ளைகள் துறுதுறுவென்று ஓடுவார்கள், கடிப்பார்கள், எதிலும் மனம் நிற்காது. நின்றுபோயிருந்த படுக்கையில் மூத்திரம் போகும் பழக்கம் திரும்பி வருவது, எடை ஏறாமல் நிற்பது, தெரபியில் கற்றதை மறப்பது, ஃபிட்ஸ் கூடுவது எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வலிப்புள்ள பிள்ளைக்குத் தூக்கம் துண்டு துண்டாக உடைந்தால் வலிப்பு கூடும், வலிப்பு கூடினால் தூக்கம் உடையும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

டாக்டரிடம் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பிள்ளை விழித்திருப்பான், நன்றாக மூச்சு விடுவான். அதனால் செல்போனில் வீடியோ எடுத்துப் போ. விளக்கு எரியட்டும். முகம், கழுத்து, மார்பு, வயிறு நாலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் நாற்காலியில் சாய்த்து வை. இரண்டு மூன்று நிமிஷம் போதும். ஆனால் இரண்டு மூன்று நாள் எடு, அதில் ஒன்றாவது விடியற்காலையில் எடுத்ததாக இருக்கட்டும். குறட்டைச் சத்தம் மட்டும் பதிவானால் பிரயோஜனம் குறைவு. நெஞ்சுக்குழி உள்ளே போவதும் வயிறு எதிர்த்திசையில் போவதும்தான் டாக்டருக்குச் சேதி சொல்லும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துக்கொண்டு, பகலில் 98 காட்டுகிறது என்று தேறுதல் அடையாதே. விழித்திருக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் கருவி வேறு. அதிலும் எண் நன்றாக இருப்பதால் மட்டும் தொல்லை இல்லை என்று ஆகாது. ஆக்சிஜன் இறங்கும் முன்பே பிள்ளை விழித்து விழித்துத் தப்பித்திருக்கலாம்.

ஸ்லீப் ஸ்டடி நாள்

முதலில் யாரைப் பார்ப்பது என்று குழம்பாதே. உன் பிள்ளையின் குழந்தை நரம்பியல் டாக்டரோ குழந்தை நல டாக்டரோ யாராவது ஒருவரிடம் வீடியோவைக் காட்டு. ஈ.என்.டி. டாக்டர் டான்சில், அடினாய்டைப் பார்ப்பார். ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தில் இரண்டு கேள்வி கேள். குழந்தைகளுக்குச் செய்து பழக்கம் உண்டா? ரிப்போர்ட்டைக் குழந்தைகளுக்கான அளவுகோலில் எழுதுவீர்களா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதே. பெரியவர்களுக்கு மூச்சு பத்து வினாடி நின்றால்தான் ஒன்று என்று எண்ணுவார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல். குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே ஒன்று. மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய விஷயம். ஐந்தைத் தாண்டினால் நடுத்தரம், பத்தைத் தாண்டினால் கடுமை. எங்கள் தெரபி வட்டத்தில் ஒரு குழந்தைக்கு மணிக்கு நாலு என்று வந்ததை, பெரியவர்கள் அட்டவணையைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் வீணாகப் போனது. தசை நோய் உள்ள பிள்ளை என்றால் கரியமில வாயு அளவையும் சேர்த்துப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்.

அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளிப்பாட்டு. எண்ணெய் வைக்காதே. உச்சந்தலையில் ஒயர் ஒட்டுவார்கள். எண்ணெய் இருந்தால் ஒட்டாது, ராத்திரி முழுக்கப் பிய்ந்து பிய்ந்து விழும். பெண் குழந்தைக்கு இறுக்கிப் பின்னிப் பூ வைக்காமல் முடியைத் தளர்வாக விடு. நகப்பூச்சு, மருதாணி இரண்டும் வேண்டாம், விரல் நுனியில் வெளிச்சம் பாய்ச்சித்தான் ஆக்சிஜனை அளப்பார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வசதி. மதியத் தூக்கத்தைத் தவிர்த்துவிடு.

தலையில், கண்ணோரம், தாடையில், நெஞ்சில், காலில் என்று ஒயர்கள். மூக்கில் ஒரு சின்னக் குழாய். மார்பிலும் வயிற்றிலும் பட்டை. ஊசி கிடையாது, வலி கிடையாது. ஆனால் தொட்டாலே சிலிர்க்கிற பிள்ளைக்கு இது பெரிய சோதனை. ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கு. நாங்கள் பாண்டேஜ் டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி, முதலில் அப்பா நெற்றியில், அப்புறம் என் கன்னத்தில், அப்புறம் அவன் கையில் ஒட்டி விளையாடினோம். இடுப்பு பெல்ட்டை நெஞ்சில் கட்டி டி.வி. பார்த்தோம். வீட்டுத் தலையணை, அவன் தினம் போர்த்துகிற பழைய புடவை இரண்டையும் எடுத்துப் போனோம். பாதி ராத்திரியில் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டான். டெக்னீஷியன் பொறுமையாக வந்து திரும்ப மாட்டினார். அப்படி நடக்கும், பதறாதே. வலிப்பு மருந்தை வழக்கமான நேரத்தில் கொடுத்துவிடு. தூங்க வைப்பதற்கென்று தனியாக மருந்து எதுவும் கேட்காதே.

ஆபரேஷன் என்று சொன்னால்

டான்சில், அடினாய்டு பெரிதாக இருந்தால் எடுப்பதுதான் பொதுவாக முதல் வைத்தியம். நம் பிள்ளைகளிடம் இதற்குப் பலன் உண்டு, ஆனால் முழுப் பலன் எல்லாருக்கும் இல்லை. டவுன் சிண்ட்ரோமில் பாதிப் பேருக்காவது கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி வேண்டும். குறட்டை நின்றதை வைத்து முடிவு கட்டாதே.

மயக்க மருந்து டாக்டரிடம் நீயாக வாய் திறந்து சொல்ல வேண்டியவை சில. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, இத்தனை முறை. என்னென்ன வலிப்பு மருந்து ஓடுகிறது. டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்வாக இருக்கலாம், கழுத்தை வளைப்பதில் கவனம் வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கோ பல் வைத்தியத்துக்கோ மயக்கம் கொடுக்கும்போதும் இதே தகவலைச் சொல்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நரம்பு, தசைக் கோளாறு உள்ள பிள்ளைகள் அன்று ராத்திரி மருத்துவமனையில் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரியில் வீக்கத்தால் மூச்சுத் தொல்லை கூடலாம். வலி மருந்துச் சீட்டில் கோடீனோ டிராமடாலோ இருக்கிறதா என்று பார். டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கோடீனுக்கு 2013லும் டிராமடாலுக்கு 2017லும் உத்தரவாகவே போட்டுவிட்டது. மூச்சையே அடக்கிவிடும். இருந்தால் மாற்றிக் கேள்.

மாஸ்க்கும் மெஷினும்

என் மகனுக்கு அடினாய்டு எடுத்தும் மணிக்கு ஆறு மிச்சம் இருந்தது. சிபேப் மெஷின் வைக்கச் சொன்னார்கள். மாமியார், "ஐயோ, ஐ.சி.யூ. மாதிரி வீட்டிலயா?" என்று அழுதார். அதனால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஆக்சிஜன் கிடையாது, மருந்து கிடையாது. நம் அறைக் காற்றையே எடுத்து, லேசான அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்புகிறது. ஒட்டிக்கொள்ளும் ஸ்ட்ராவை உள்ளேயிருந்து ஊதி விரித்து வைப்பது மாதிரி. 1981ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் கொண்டுவந்த முறை இது. தசை பலமில்லாத பிள்ளைக்குப் பைபேப் என்ற வகை கொடுப்பார்கள். அது மூச்சை இழுக்கும்போது கூட ஒரு கை கொடுக்கும்.

மெஷின் வந்த அன்றைக்கே ராத்திரி மாட்டிப் பழக்க நினைக்காதே. தூங்கினபிறகு மெதுவாக மாட்டிவிடலாம் என்றும் நினைக்காதே. நான் செய்த தப்பு அது. இருட்டில் முகத்தில் எதுவோ அழுத்தக் கண் விழித்தவன் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் மாஸ்க்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரும்ப ஆரம்பித்தபோது பகலில் ஆரம்பித்தோம். முதல் சில நாள் மாஸ்க் அவன் பொம்மைகளோடு கூடையில் கிடந்தது. யானைப் பொம்மைக்கு மாட்டினோம். அப்புறம் குழாயின் காற்றை அவன் உள்ளங்கையில், கழுத்தில் படவிட்டோம். கூச்சத்தில் சிரித்தான். அந்தச் சிரிப்பு வந்தபிறகுதான் மூக்கருகே கொண்டுபோனேன். பட்டை போடாமல் கையால் பிடித்துக்கொண்டு, பத்து வரை எண்ணி எடுத்துவிடுவேன். நான் சொன்னபடி பத்தில் எடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கை அவனுக்கு வர வேண்டும். அதனால் அவன் அமைதியாக இருந்தாலும் பத்துக்கு மேல் நீட்டவில்லை. பிறகு இருபது. பிறகு ஒரு பாட்டு முடியும்வரை. பிறகு பட்டையோடு, பிடித்த வீடியோ பார்க்கும்போது மட்டும். மதியத் தூக்கத்துக்கு மாட்டி, கடைசியில்தான் ராத்திரி. எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகம் ஆகலாம். ஆகட்டும்.

தானாக மாஸ்க்கைக் கழற்றத் தெரியாத, கை வராத பிள்ளைக்கு வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஆபத்து. வாந்தி வந்தால் உள்ளேயே போய்விடும். மூக்கு மாஸ்க் கிடைக்குமா என்று கேள். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகள் மூச்சு வெளியேறுவதற்கு. காற்று வீணாகிறது என்று டேப் ஒட்டிவிடாதே, போர்வையாலும் மூடாதே. காலையில் மூக்குத் தண்டில் சிவப்பு இருக்கும், அரை மணியில் மறைய வேண்டும். மறையாவிட்டால் பட்டை இறுக்கம் அல்லது மாஸ்க் அளவு சரியில்லை. முகம் வளரும் வயது, வருஷம் ஒரு முறையாவது அளவைப் பார்க்கச் சொல். ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் அழுத்தினால் முகத்தின் நடுப்பகுதி தட்டையாகும் வாய்ப்பும் உண்டு.

மாஸ்க்கைத் தினம் குழந்தை சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்து. ஈரப்பதம் தரும் தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முதல் நாளே யோசித்து இன்வர்ட்டர் இணைப்பில் மாட்டு. பைபேப் இல்லாமல் இருக்க முடியாத பிள்ளை என்றால் தனி பேட்டரியும் வேண்டும். வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது.

செலவு என்றதும் தயங்காதே. மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா இன்ஷூரன்ஸ் ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. முதல்வர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப் போய், எது எதற்குச் செல்லும் என்று மருத்துவமனைக் கவுன்டரிலேயே கேட்டுவிடு.

வீட்டில் நாம் மாற்றக்கூடியவை

தூளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தூளியில் குழந்தையின் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்கிற குழந்தை தலையைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளும். கழுத்து நிற்காத குழந்தை அப்படியே கிடக்கும், மூச்சுக் குழாய் மடிந்தபடி. தசைத் தளர்ச்சி உள்ள பிள்ளையைத் தூளியில் தூங்க வைக்காதே. கார் சீட்டிலும் சாய்வு நாற்காலியிலும் மணிக்கணக்கில் தூங்கவிடுவதும் அதே ஆபத்துதான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டாக்டர் வேறு விதமாகச் சொல்லாதவரை சமமான படுக்கையில், தலையணை, மெத்தென்ற துணி எதுவும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வை.

பெரிய பிள்ளைகளுக்கு ஒருக்களித்துப் படுப்பது பெரும்பாலும் உதவும். முதுகுக்குப் பின்னால் ஒரு உருளைத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. தலைக்கு உயரமான தலையணை வேண்டாம், தாடை குனிந்துவிடும். எந்தப் பக்கம், எந்த அளவு என்பதை ஃபிசியோவிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, அதை வீடியோ எடுத்துக்கொள். நீ இல்லாத அன்று உன் வீட்டுக்காரருக்கு உதவும்.

படுக்கும் அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். கொசுவலை கட்டு. சிகரெட் பிடிப்பவர் வீட்டில் இருந்தால் வாசலிலும் கூட வேண்டாம் என்று அடித்துச் சொல். மூக்கடைப்புக்குப் படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு விடலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

மருந்துகளில் இரண்டு விஷயம். தூங்க வைக்க வேண்டும் என்று சளி, இருமல் சிரப்பைக் கொடுக்காதே. தூக்கம் வரவைக்கும் எதுவும் தொண்டையை இன்னும் தளர்த்தலாம். வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம், குளோனசெபாம் போன்றவையும் தசையைத் தளர்த்தி எச்சிலைக் கூட்டும். அதற்காக நீயாக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதே, வலிப்பு அடக்க முடியாமல் வந்துவிடும். ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை நரம்பியல் டாக்டரிடம் காட்டி, அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று கேள். புரண்டு புரண்டு படுக்கிற பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்றும், டவுன் சிண்ட்ரோம் என்றால் வருஷா வருஷம் தைராய்டு எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்.

ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் வைத்துவிடாதே. தசை நோய் உள்ள பிள்ளைக்கு வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் கருவியில் எண் நன்றாகத் தெரியும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும்.

உதடு நீலமானால், எழுப்பினாலும் எழவில்லை என்றால், மூச்சு திரும்ப வரவில்லை என்றால் வீடியோ எடுக்க நிற்காதே. 108.

இன்னொன்று, உன் தூக்கம். ராத்திரிக் காவலை நீ ஒருத்தியே பார்க்காதே. எங்கள் வீட்டில் இரண்டு மணி வரை என் வீட்டுக்காரர், அதற்குப் பிறகு நான். அதற்கே இரண்டு வருஷம் சண்டை போட்டேன்.

மெஷின் பழகி ஐந்தாறு மாதத்தில் மகனுக்கு ஃபிட்ஸ் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. காலை அழுகை நின்றது. அவன் நடக்கவில்லை, பேசவில்லை, அது வேறு. ஆனால் தெரபிக்கு வந்தால் கண் திறந்திருக்கிறான்.

பிள்ளை வளர வளர இதெல்லாம் மாறும். எடுத்த அடினாய்டு திரும்ப வளரலாம், எடை கூடலாம், முதுகு வளையலாம். அதனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரம் நான் மறுபடி நாலு மணிக்கு அலாரம் வைப்பேன். ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டையைத் தூக்கிவிட்டு, ஐந்து நிமிஷம் உட்காருவேன். போன வருஷத்து வீடியோவையும் புது வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்ப்பேன். பழையதை அழித்துவிடாமல் வைத்துக்கொள், தேதியோடு.